கால் நரம்பு

கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைப்பு எழுப்பிக்கொண்டிருந்த நெய்னா முகம்மது, அண்ணன் மனைவி நஃபீசா வாளியோடு வருவதைப் பார்த்துக் கையை நிறுத்தினான். அண்ணனைக் குளிப்பாட்ட ஆம்பளைகள் இருக்கிறோமே, நீங்கள் உள்ளே போய் இருங்கள் மதினி என்றான்.

நஃபீசா வாளியைக் கீழே வைத்தாள்.

"அவுகள நான் குளிப்பாட்டுறேன் தம்பி."

அவன் பள்ளிவாசல் ஹஜரத்தைப் பார்த்தான். மார்க்கத்தில் மனைவிக்கு அது கூடும் என்றார் அவர். இந்தத் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் கணவர் காதர் மைதீன் விடியலில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர், கட்டிலிலேயே சாய்ந்து உயிர் விட்டிருந்தார். இது வரும் என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் துபாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். லீவில் வந்தால் வீடு நிறைய ஆட்கள். அவள் அடுப்படியில், அவர் விருந்தாளிகளோடு. கூச்சம் விலகும் நேரத்தில் டிக்கெட் தேதி வந்துவிடும். தொண்ணூற்றெட்டில் நெஞ்சுவலி வந்த பிறகுதான் தேவிபட்டினத்துக்கே திரும்பினார். மதுரையில் இடது காலிலிருந்து ரத்த நரம்பை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள்.

சாயங்காலமானால் அந்தக் கால் வீங்கும். அவள் மடியில் தூக்கி வைத்து, கணுக்காலிலிருந்து மேலாக நீவிவிடுவாள். அத்தனை வருஷப் பேச்சையும் அப்போதுதான் பேசினார்கள். சில மாதங்களில் வீக்கம் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அவர் காலை நீட்டி, "லேசா வீங்குன மாதிரி இருக்கு" என்பார். அவள் குனிந்து பார்ப்பாள். வீக்கம் இருக்காது.

"ஆமா, இருக்கு" என்று மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

போன வருஷம் வலி திரும்பியது. மதுரை டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார். கால் நரம்புக்கு நெஞ்சின் அழுத்தம் பழக்கமில்லை. அங்கே போனதும், செல்களுக்குள் அடங்கிக் கிடந்த ஜீன்கள் வேலை செய்யத் தொடங்கும். தாங்குவதற்காகச் செல்கள் பெருகும், சுவர் தடிக்கும். தடித்துத் தடித்துக் கடைசியில் அதுவே வழியை அடைத்துவிடும். மறுபடி அறுத்துச் செய்ய இவர் உடம்பில் தெம்பில்லை என்றார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பரமக்குடி தாண்டியதும் அவர் சொன்னார்:

"அது தாங்கத்தான புள்ள பாத்துருக்கு. அத என்னத்தக் குத்தம் சொல்றது."

ஹஜரத் சொல்லச் சொல்ல நெய்னா தண்ணீர் ஊற்றினான், அவள் தேய்த்தாள். முதலில் வலப்பக்கம். இடப்பக்கம் வந்ததும், போர்த்தியிருந்த துணிக்குள் கையை விட்டு, கணுக்காலிலிருந்து தழும்பின் மேலேயே மெல்ல நீவினாள். தொடைவரை போனாள். மறுபடி கணுக்காலுக்கு வந்தாள். நெய்னா சொம்பைப் பிடித்தபடி நின்றான். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

கபன் துணி பொதிந்து, சற்று நேரத்தில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. மகள் தாஜுன்னிசா உலர்ந்த வெள்ளைச் சேலையோடு வந்தாள்.

"ஈரத்தோட இருக்கீகளே உம்மா. மாத்துங்க."

"இருக்கட்டும்மா."

ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து, அவரைக் குளிப்பாட்டியதில் நனைந்த சேலையை உலர்த்தத் தொடங்கியது. நஃபீசா எழுந்து, காற்றுப் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.