எட்டு வரி இடையன்

கோல்பந்து எப்படிப் பிறந்தது என்பதில் தேசத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆடு தொலைந்த கடுப்பில் ஓர் இடையன் கையிலிருந்த கோலால் காட்டுக்காய் ஒன்றை ஓங்கி அடித்தான்; அது பாறையிடுக்கில் போய் விழுந்தது. முதல் கோல். அந்த இடையன் ஆற்றுக்கு இக்கரை ஊரா, அக்கரை ஊரா என்பதில்தான் மண்டை உடைந்துகொண்டிருந்தது. எந்த ஊரோ அங்கே அவனுக்குச் சிலை வைப்பதாகச் சொல்லி அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது.

குழு முதலில் கூப்பிட்டது பாடநூல் அலுவலகத்துப் பாட ஆசிரியரை. இடையனைப் பற்றிக் கிடைத்த ஆகப் பழைய ஆதாரம், இருபது வருஷத்துக்கு முன் அவர் எழுதிய மூன்றாம் வகுப்புப் பாடம். அதைப் பேராசிரியர் மேற்கோள் காட்ட, பேராசிரியரை அமைச்சர் காட்ட, அது வரலாறாகிவிட்டது.

நடந்தது இதுதான். அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவர் அன்று, "சார், அடியில எட்டு வரி காலியா நிக்குது, எதையாவது ஊத்துங்க" என்றார். டீ ஆறுவதற்குள் இவர் ஓர் இடையனை ஊற்றிவிட்டார்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க," என்றாள் மனைவி, விசாரணைக்குக் கிளம்பும்போது. "வேலை போனா எங்கண்ணன் கடையில ஆணி நிறுத்துப் போடலாம்."

மைத்துனர் முகத்தை நினைத்துக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார்.

குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. "ஆதாரம் எதுங்க?" என்றார்.

"நான்தாங்கம்மா."

"நேர்ல பாத்தீங்களா?"

"இல்லீங்க. கதை கட்டிவிட்டேன்."

இக்கரை ஊர்த் தலைவர் மெல்ல எழுந்தார். "அப்ப அவன் அக்கரைக்காரன் இல்ல?"

"இல்லீங்க."

அக்கரைத் தலைவரும் எழுந்தார். "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. இவங்க ஊரும் இல்லையே?"

"எந்த ஊருமே இல்லீங்கண்ணே."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். "அப்பாடா! இவன் ஊர்ல சிலை வெச்சிருந்தா நான் எப்படிய்யா பாலத்தைத் தாண்டுவேன்?" என்றார் இக்கரை. "எனக்கும் அதே கவலைதான்டா," என்றார் அக்கரை.

"இவர் மேல புகார் யாராச்சும் குடுக்கறீங்களா?" என்றார் நீதிபதி.

"சேச்சே! நல்ல மனுஷன்," என்றார்கள் இருவரும்.

புகார் இல்லை, நடவடிக்கையும் இல்லை. வேலை தப்பியது.

வெளியே படியில் தலைவர்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, யார் வண்டியில் அவரை வீட்டில் விடுவது என்று சண்டை பிடித்தார்கள். அவர் கையை உருவிக்கொண்டு நடந்தே போனார். வழியில் ஒரு திடலில் கோல்பந்து ஆட்டம். இந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர் கைதட்டியபோதெல்லாம் அவரும் பலமாகத் தட்டினார்.