ஏறாத கூரை

ஓடெட் ஈரப்பஞ்சால் அப்பாவின் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவள் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. யாரென்று தெரியும். இரண்டு நாளாக அவர் வரக்கூடாதே என்றுதான் பயந்துகொண்டிருந்தாள்.

செனட்டர் ஜில்பெர்டோ ஃபுர்டாடோ தனியாக வந்திருந்தார். தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. கோட்டில் குத்தியிருந்த பிரசாரச் சின்னத்தை வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையில் மூடி போட்ட பாத்திரம்.

"உங்க அத்தை கீரை சூப் குடுத்தனுப்பினா. எப்படி இருக்கான்?"

"இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனா."

அவர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவெலீனோ, நான்தான்டா." ரம்பம் அறுப்பதுபோன்ற மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே தீவிலிருந்து ஒரே வருஷம் அமெரிக்காவுக்கு வந்தவர்கள். ஒரே ஆலையில் தறி ஓட்டியவர்கள். ஓடெட்டின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததும் அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான்.

"சமையலறைக்கு வா, கண்ணு. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்தார். பேனாவைத் திறந்து அதன் மேலேயே வைத்தார்.

"வியாழக்கிழமை ரெண்டு பேர் கேமராவோட வந்தாங்களாமே."

எதிர் வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

அப்பா நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் செனட்டர் போன் செய்தார். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தின் புதுக் கூரைக்கு, அதில் ஏறிப் பார்க்காமலே அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கோடையில் கூரையைப் போட்ட அதே ஒப்பந்தக்காரர் செனட்டரின் கடற்கரை வீட்டுக்கு இரண்டு அறைகள் கட்டிக்கொடுத்தார். போன பிப்ரவரியில் பனியின் கனம் தாங்காமல் கூரை இறங்கியது. தரை துடைத்துக்கொண்டிருந்த செலஸ்தா பிராகா அதன் பிறகு நடக்கவில்லை. இதையெல்லாம் அப்பா வியாழக்கிழமை வந்த அரசு வழக்கறிஞரின் ஆட்களிடம் நாற்பது நிமிஷம் சொன்னார்.

"மார்பின் குடுக்கிறாங்கல்ல? ஒரு மாசமாவே தடுமாறித்தான் பேசறாரு, ஆளே அடையாளம் தெரியலைன்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா போதும்."

"அது உண்மை இல்லையே, பத்ரீன்யு." சின்ன வயசிலிருந்து ஞானத்தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எனக்காகக் கேக்கறேன்னு நினைக்கிறியா? கையெழுத்து யாரோடது? உங்கப்பனோடது. நாளைக்கு ஊர் பூரா அவன் பேருதான் நாறும். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்வானா? நீ இதைக் குடுத்துட்டா, பாவம், மருந்து மயக்கத்துல உளறிட்டான்னு விட்டுடுவாங்க. கௌரவமா அடக்கம் பண்ணலாம்."

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். ஆறே வரி. அதன்படி அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை. பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

"உனக்கும் அந்த ஆபீஸ்ல இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கு, இல்லையா?"

"மிரட்டறீங்களா?"

"என் கையில வளந்த பொண்ணு நீ. உன்னையா மிரட்டுவேன்?" அவர் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷமா இந்த ஊருக்கு நான் செஞ்சதெல்லாம் ஒரு கூரைல போயிடணுமா? அந்தப் பயல் ஜெயிச்சா நம்ம ஆளுங்களுக்கு யாரு இருக்கா, சொல்லு. யாரு இருக்கா?"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த அறையில் ரம்பச் சத்தம் நின்றிருந்தது. ஓடெட் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் பேசிட்டிருக்கேன்—"

அவள் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. பின்னாலேயே வந்தவர் வாசற்படியில் நின்றார். பிறகு கட்டிலருகே மண்டியிட்டு, போர்வையில் முகத்தைப் புதைத்துத் தோள் குலுங்க அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அது நடிப்பில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இருவரும் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பெட்டியைத் தூக்கறவங்கள்ல நான் முன்னால நிப்பேன்."

"வேண்டாம்."

"ஓடெட்..."

"வியாழக்கிழமை காலையில மருந்து குடுக்கப் போனேன். அவங்க பேசிட்டுப் போறவரைக்கும் வேண்டாம்னுட்டார். வலியில தலையணை நனைஞ்சு போச்சு. நான்தான் மாத்தினேன். அவரு புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு."

செனட்டர் சமையலறைக்குப் போய்த் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது நர்ஸுக்கு போன் செய்தாள்.

புதன்கிழமை அடக்கத்துக்குக் கோயிலில் பாதிக்கும் மேல் காலியாக இருந்தது. அப்பாவோடு ஆலையில் வேலை செய்தவர்கள் யாரும் வரவில்லை. ஈமச் சடங்கு நிறுவனத்தின் ஆட்களே பெட்டியைத் தூக்கினார்கள். மறுநாள் மாலை எல்லா டிவியிலும் அந்தக் கேமராப் பதிவில் அப்பா மூச்சு வாங்கப் பேசினார். செனட்டர் நிருபர்களிடம், "என் பழைய நண்பன். பாவம், மருந்து மயக்கம்" என்றார். வீட்டு வாசலுக்கு வந்த நிருபரிடம் ஓடெட், "மயக்கம் இல்லை" என்றாள். அந்த இரண்டு வார்த்தைதான் தேர்தல் வரை ஐந்து நாளும் ஓடியது.

செவ்வாய் இரவு ஃபுர்டாடோ முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அவளுடைய வட்டாரத்தில் மட்டும் நான்கில் மூன்று பங்கு ஓட்டு அவருக்கே விழுந்திருந்தது.

அன்று காலையில் அவள் ஓட்டுப் போடப் பங்குக் கோயில் கூடத்துக்குப் போயிருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். மேஜையில் இர்மா பஷேக்கோ உட்கார்ந்திருந்தாள். போன ஈஸ்டருக்குக்கூட இனிப்பு ரொட்டி சுட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவள்.

"பேரு?" என்றாள் இர்மா, பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஓடெட் ரெபோசோ."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். ஓடெட் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக, அவசரமில்லாமல், அப்பாவின் குடும்பப் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.