குமிழி இல்லாத குதிரை

என் புருஷனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். அன்று மதியம் பட்டறைக்குள் நுழைந்ததுமே என் கன்னத்தில் ஒன்று வைத்தான். காது ஙொய்யென்றது.

நான் ரெசின் என்கிற, ஊற்றினால் இறுகும் பிசினில் குதிரைப் பொம்மை வார்க்கிறவள். இந்தமுறை ஃப்ரீசியன் ஜாதிக் குதிரை. தடித்த கழுத்து, அலையலையாய்ப் பிடரி, குளம்பை மூடும் மயிர். பின்னங்கால் இரண்டில் எழும்பி நிற்கும். சேகரிப்பாளர்கள் ஐம்பது பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஐம்பதும் போய்ச் சேர்ந்தால் நான் தனி வீடு பார்த்துப் போய்விடுவேன் என்று யாரோ அவன் காதில் ஊதிவிட்டார்கள். உண்மைதான்.

"அச்சு எங்கடி? அது இருந்தாத்தானே ஆடுவ?"

மேசையிலிருந்த குதிரையைத் தூக்கி என் வலது முழங்கையில் அடித்தான். குதிரைக்கு முன்னங்கால் முறிந்தது. எனக்கும் எலும்பு முறிந்தது. அம்மா என்று அலறிய வாயாலேயே ஒரு பொய்யும் சொன்னேன்.

"மேல் தட்டுல இருக்குங்க."

அங்கிருந்த ரப்பர் அச்சைக் கத்தியால் பிளந்தான். உள்ளே தெரிந்தது நாய் முகம். போன வருஷத்து வேலை.

"எனக்கேவாடி?"

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அப்போதுதான் மூலையிலிருந்த இரும்பு அண்டா அவன் கண்ணில் பட்டது. குதிரை அச்சு இருந்ததும் அதில்தான்.

ரெசின் ஊற்றிய அச்சை அதற்குள் வைத்து, மூடியை ஆறு திருகால் இறுக்கி, காற்றடைப்போம். அந்த அழுத்தத்தில் குமிழிகள் நசுங்கிவிடும். வால்வைத் திறந்து காற்றை விடாமல் மூடியைத் தொடக்கூடாது. பட்டறைக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். அவனிடம் மட்டும் சொன்னதில்லை. பாவி, என் வேலையைப் பற்றி என்றைக்குக் கேட்டான்?

"அதைத் திறக்காதீங்க. உள்ள காத்து அடைச்சிருக்கு, மூடி பறந்துரும்."

"நாய்க் கதை முடிஞ்சுது, இப்பப் பேய்க் கதையா?"

சிரித்துக்கொண்டே முதல் திருகைக் கழற்றினான். இரண்டு. மூன்று. நாலாவதில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்கக் குனிந்தான்.

வால்வு என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குதிரை எப்போதோ இறுகியிருக்கும், காற்றை விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் தெரிந்தும் நான் அசையவில்லை.

மூடி அவன் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போய்த் தகரக் கூரையில் அடித்தது. அவன் மல்லாக்க விழுந்து இரண்டு தரம் காலை உதறினான். அவ்வளவுதான்.

"அந்த வால்வத் திறந்திருக்கலாமேம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"கை ஒடிஞ்சு கிடந்தேனே சார்."

தொங்கிய கையைப் பார்த்து, எழுதிக்கொண்டார்.

மாவுக்கட்டோடு நாலாம் நாள் பட்டறைக்கு வந்தேன். இடது கையாலேயே அச்சைப் பிரித்தேன். காது, மூக்குத் துவாரம், பிடரி எங்கும் ஒரு குமிழி இல்லை. அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதைப் பார்த்துப் பயந்த அளவுக்கு, அவன் உயிரோடு இருந்தபோது அவனைப் பார்த்துக்கூட நான் பயந்ததில்லை.