பப்பாளியும் நியூக்ளியரும்

என் கல்யாணப் பேச்சை நிறுத்தியது ஒரே ஒரு சொல். நியூக்ளியர்.

ஜெர்மனியில் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று இளம்பரிதியிடம் அவன் அம்மா அம்சம் கேட்க, அந்தக் கூறுகெட்டவன் "நியூக்ளியர் ரிசெப்டர்மா" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், என்னைக் காதலிக்கிறவன், கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? சாயங்காலத்துக்குள் திருக்காட்டுப்பள்ளி முழுக்கச் செய்தி பரவிவிட்டது: இசைவாணி அணுகுண்டு செய்கிறாள், அவளுக்குப் பிள்ளை தங்காது.

லீவில் பூதலூருக்கு வந்திருந்த நான் பஸ் பிடித்து நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். லீவில் வந்திருந்த இளம்பரிதி என்னைப் பார்த்ததும் கூடத்து டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்சம் அத்தை அடுப்படியில் ஆட்டு ஈரல் வறுத்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் வேண்டாம் என்றவர் சாப்பிட மட்டும் உட்காரச் சொன்னார்.

"அத்தை, நான் குண்டு செய்யலைங்க. ஈரலைப் பத்திப் படிக்கிறேன்."

"ஈரல்ல படிக்க என்ன இருக்கு? கழுவி, மிளகு தூக்கலாப் போட்டா முடிஞ்சுது."

"வயித்துல இருக்கிற பிள்ளையோட ஈரல்ங்க."

கரண்டி நின்றது. "அய்யய்ய, சோறு திங்கிற நேரத்துல!"

எனக்குச் சுர்ரென்று வந்தது. என் அப்பா தங்கையன் பொதுப்பணித்துறையில் லஸ்கர். உத்தரவு வந்தால் மதகுப் பலகையைத் தூக்குவார். வராவிட்டால் ஊரே ஏசினாலும் தூக்கமாட்டார். அவரையே பேச்சுக்குள் இழுத்தேன்.

"நியூக்ளியர்னா செல்லுக்கு நடுவுல இருக்கிற உட்கருங்க. அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஜீனும் ஒரு மதகுன்னு வைங்க. ரிசெப்டர்தான் லஸ்கர். பிள்ளை உருவாகையில ஈரல் மொதல்ல ரத்தம் ஊறுற இடம். அப்புறம் இந்த லஸ்கருங்க ஒவ்வொரு மதகாத் திறந்துதான் அதை முழு ஈரலாக்குறாங்க. பித்தம் கூடிப்போனா, அந்தப் பித்தமே ஒரு லஸ்கர் மேல வந்து ஒட்டும். அதான் உத்தரவு. உடனே அவரு பித்தம் உண்டாக்குற மதகை அடைச்சிட்டு, வெளியேத்துற மதகைத் திறப்பாரு."

"உங்கப்பா வேலையத்தான் நீயும் பாக்குறியா? இதுக்கா ஜெர்மனி?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார்.

"அந்த லஸ்கர் திறக்கலைன்னா?"

"பித்தம் ஈரல்லயே தேங்கிடும். பிள்ளை மஞ்சளாயிடும். மலம் வெளுத்துப் போயிடும்."

"சுண்ணாம்பு மாதிரி" என்றார் அத்தை.

இளம்பரிதிக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று அவன் சொன்னதில்லை.

"மஞ்சக்காமாலை. மாசமா இருக்கையில நான் பப்பாளி தின்னுதான் பிள்ளைய முழுங்கிட்டேன்னு என் மாமியா சாகுறவரைக்கும் சொன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப நீயும் எதையோ தொட்டு, இன்னொரு பிள்ளை..."

என் வாய்த்துடுக்கெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

"உங்க பிள்ளைக்கு எது கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க அத்தை. மதகா, பித்தம் வெளிய போற வாய்க்காலான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா பப்பாளியால இல்ல. சத்தியமா இல்ல."

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, கூடத்தில் டிவி பார்ப்பதுபோல் பயந்து உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! உங்கக்கா பப்பாளியால சாகலையாம்டா!"

சட்டியில் இருந்த ஈரலை அள்ளி என் தட்டில் வைத்தார்.

"அந்தக் கெழவி செத்துத் தொலைஞ்சிட்டா. இருந்திருந்தா என் மருமவளக் கூட்டிட்டுப் போயி இப்பவே நறுக்குன்னு கேட்டிருப்பேன்."