மைக்கை நீட்டும் இடம்

ராக் பாடகரான அப்பாவுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் இடி. மகள் மேடையேறிய அன்றே அவளைக் குட்டி இடி ஆக்கிவிட்டார்கள். பாராட்டுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதைச் சுமக்கிறவளைக் கேட்டால் தெரியும். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிடாரும் டிரம்ஸும் அதிர அதிர ஆடிப் பாடி முடித்தாலும், கடைசியில் கூட்டம் கேட்பது அப்பாவின் அந்த ஒரு பாட்டைத்தான்.

அந்தப் பாட்டில் பொல்லாத வரி ஒன்று உண்டு. இசைத்தட்டில் அது மளமளவென்று ஏறி, உச்சியில் போய் அசையாமல் நிற்கும். மேடையில் அந்த இடம் வந்ததும் அப்பா மைக்கை எதிரே நீட்டிவிடுவார், அரங்கமே பாடும். "மனுஷன் ஜனங்களை எப்படி மதிக்கிறார் பாரு" என்று உருகாத ஆள் கிடையாது. அம்மாவுக்கு எப்போதும் முன்வரிசையில் இடது ஓர நாற்காலி. அந்த மடியில் உட்கார்ந்துதான் மகள் இதையெல்லாம் பார்த்தாள். வளர்ந்த பிறகு, அந்த வரியை முழுசாகப் பாடிக் காட்டினால்தான் தான் இடியின் பெண் என்று வீம்பு பிடித்துக்கொண்டாள்.

இன்று மாலை அவள் கச்சேரி. அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மதியம் ஒத்திகையில் அந்த வரியில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள், மறுபடியும் உடைந்தது. இப்படியே கத்திக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் பேச்சே வராது என்று தொண்டை டாக்டர் எச்சரித்திருந்தார்.

"அந்தப் பாட்டை விட்டுடலாமே" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

"விட்டா, இடியோட பொண்ணு பயந்துட்டான்னு சொல்வாங்க."

மேக்கப் அறையில் போய் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே பிளாஸ்க்கோடு வந்தாள் அம்மா.

"எத்தனை தடவடி சொல்றது, தொண்டையைக் கிழிச்சுக்காதேன்னு."

"இது ராக்மா. உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்கென்ன புரியும்?" அம்மா டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். "முட்டி மோதக் கூடாது. மூச்சை லேசா விட்டுட்டு, அது பாட்டுக்கு ஏற விடணும். இதோ, இப்படி" என்று அந்த வரியைப் பாடிக் காட்டினாள்.

மெல்லத்தான் பாடினாள். மகளுக்குப் புல்லரித்துவிட்டது. உச்சியில் அந்த நிதானம், முடிவில் லேசான கரகரப்பு. தேயத் தேயக் கேட்ட இசைத்தட்டில் அப்பா குரல் என்று அவள் நம்பியிருந்தது அச்சு அசல் இதுதான்.

"அம்மா, அது நீயா?"

"அப்போ நீ வயித்துல. ஸ்டூடியோவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். உங்கப்பாவுக்கு அந்த இடம் எட்டவே இல்ல. இப்படிப் பாடுங்களேன்னு காட்டினேன். மெஷின் ஓடிட்டிருந்திருக்கு. அதையே அவர் குரலோட கலந்து விட்டுட்டாங்க."

வாசலில் இடி நின்றிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "இவ பேரையும் போடலாமான்னு நான் கேட்டேன்மா. அதெல்லாம் எதுக்குன்னுட்டா."

"கேட்டீங்க. ஒரே ஒரு தடவ கேட்டீங்க" என்றாள் அம்மா. "ரெண்டாவது தடவ கேட்டிருந்தா சரின்னிருப்பேன்."

பேட்டி என்றால் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர் உள்ளே வந்து, அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் ஒவ்வொரு மேடையிலயும் உன் பக்கம் மைக்கை நீட்டினேன். நீ ஒரு நாள்கூடப் பாடல."

"என் பக்கமா?" அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "அட கடவுளே! ஜனங்களுக்குன்னுல்ல நினைச்சேன்!"

இத்தனை வருஷக் குடித்தனம்! கோபப்படுவதா சிரிப்பதா என்று மகளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

மாலையில் கூட்டம் வழக்கம்போல அந்தப் பாட்டைக் கேட்டது. அவள் பாடினாள். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி வாத்தியங்களை நிறுத்தினாள். மேடையின் இடது ஓரத்தில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மைக்கை நீட்டினாள். கூட்டம் பாட வாயெடுத்தது.

"உங்களுக்கு இல்ல" என்று உதட்டில் விரல் வைத்தாள். "ரெக்கார்டுல இதைப் பாடினது எங்கம்மா. அவங்க பாடுவாங்க."

"சும்மா இருடி, மானத்தை வாங்காதே!" என்று அம்மா அதட்டியது ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. அரங்கமே சிரித்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து இடி மைக்கிடம் குனிந்தார்.

"ரெண்டாவது தடவ கேக்கறேன். பாடேன்."

அம்மா அவரை ஒரு முறை முறைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாடினாள். மகளும் தொண்டையைக் கிழிக்காமல் கூடவே பாடினாள். வரி அது பாட்டுக்கு ஏறியது.