பதிலுக்கு நின்றவள்

எங்கள் பள்ளியில் செத்துப்போக வேண்டுமென்றாலும், பதிலுக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் சாக வேண்டும். லீவு கேட்கும் டீச்சரே மாற்று டீச்சரையும் பிடித்துத் தர வேண்டும் என்பது பிரின்சிபால் திலகவதி மேடம் போட்ட சட்டம்.

எல்.கே.ஜி. படிக்கும் என் மகன் ஹேமநாத்துக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல். அவனைப் பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்காவின் தறியருகே படுக்க வைத்துவிட்டு, முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு ஸ்கூட்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். பெற்ற வயிறு கேட்குமா? மேடம் முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்கு லீவு வேணும் மேடம். பையனுக்கு ஜுரம்."

"தாராளமா எடுத்துக்கோங்க ஸ்வர்ணலதா. பதிலுக்கு யாரு?"

யாருக்கும் ஒரு பீரியடுகூடக் காலியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்வர்ணலதாவுக்குப் பதில் ஸ்வர்ணலதாவே நிப்பா. போதுங்களா?"

மேடம் சிரிக்கவில்லை. "போதும்" என்றார்.

மறுநாள் வீட்டிலேயே இருந்தேன். கஞ்சி வைத்தேன், பையனின் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். பள்ளியிலிருந்து போன் வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் பார்த்து, கூட வேலை செய்யும் பரிமளாவை நானே கூப்பிட்டேன்.

"என் க்ளாஸை யாரு பாத்துகினு இருக்காங்க?"

"இன்னா விளையாடுறியா? இப்பதானே ஒண்ணா சாப்ட்டோம். மணி அடிக்கறதுக்குள்ள நீ க்ளாஸ்ல போய் நின்னுகினு இருக்க." பரிமளா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இன்னைக்கு உனக்கு இன்னா ஆச்சு? கண்ணையே இமைக்க மாட்டேன்ற."

அவளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு குரல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் குரல். தொண்டை கட்டாத, களைப்பே இல்லாத என் குரல்.

போனை வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவளே நிற்கட்டும், பள்ளி எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று மகனைக் கட்டிக்கொண்டு படுத்தேன். பகல் வெளிச்சத்தில் அவன் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

கண் விழித்தவன் என்னைப் பார்த்ததும் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அம்மா எங்க?"

"நான்தாண்டா அம்மா."

"இல்ல. எங்கம்மா இருட்டினாதான் வரும்."

ஜுரவேகத்தில் உளறுகிறான் என்று மாத்திரை கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மடியில் மட்டும் படுக்க மறுத்தான்.

பொழுது சாய்ந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அடங்கியது. வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. என் ஸ்கூட்டி காலையிலிருந்து நடைக்குள்தான் நிற்கிறது.

ஹேமநாத் துள்ளி எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கதவை நோக்கி ஓடியவனின் கையை எட்டிப் பிடித்தேன். பயத்தில், எனக்கே தெரியாமல் வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"எழுந்திரிக்கக் கூடாது. உட்காரு!"

அவன் நடுங்கிப்போய் என்னைப் பார்த்தான்.

"விடுங்க மிஸ்," என்றான். "எங்கம்மா வந்துடுச்சி."