முழங்கால் மடிப்பு

பஸ் பனாமா நகர நெரிசலில் நின்று நின்று போனது. யரியேலாவின் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"சும்மா இருடி, மொத்த பஸ்ஸும் குலுங்குது," என்றாள் அம்மா நீடியா.

யரியேலாவுக்குப் பதின்மூன்று வயது. உடம்பில் ஊறாத வளர்ச்சி ஹார்மோனை அம்மாதான் தினமும் ஊசியாகத் தொடையில் ஏற்றுகிறாள். அது வேலை செய்கிறது என்பது யரியேலாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அப்பாவைப்போலப் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாக வேண்டும். உயர்ந்தால் எடை கூடும். எடை கூடினால் ஜாக்கிப் பள்ளியில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

"எடை பாக்கறப்போ மூச்சை விட்டுட்டு ஏறணும், கொசுக்குட்டி," என்று அப்பா சிரிப்பார். லாயத்தில் எல்லோரும் தராசை ஏமாற்றுகிறவர்கள். அவள் அளவுகோலை ஏமாற்றினாள். நீளப் பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நின்றாள். வளரவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிடுவார்கள் அல்லவா?

இன்றும் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நின்றாள். நர்ஸ் அளவுகோலின் பலகையை அவள் தலைமேல் இறக்கினாள்.

"போன தடவை நின்ன அதே இடம், டாக்டர்."

டாக்டர் பிரிசுவேலா கண்ணாடியைக் கழற்றினார். யரியேலாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"ஊசி போடுறீங்களா, இல்லையா?"

"தினமும் போடுறேன், டாக்டர்."

"போட்டா குழந்தை வளரணுமே. உண்மையைச் சொல்லுங்கம்மா. மருந்தை வெளியில வித்துட்டீங்களா?"

அம்மாவின் முகம் சிவந்தது. "இவளுக்கு ஷூ வாங்கியே நான் தேஞ்சுட்டேன். பாதம் வளருது, ஆள் மட்டும் வளரலையா?"

"ஷூவை வச்சு நான் மருந்து எழுத முடியாது. இனிமே தர்றதா வேண்டாமான்னு யோசிக்கணும்."

இதைக் கேட்கத்தான் யரியேலா இத்தனை மாதம் காத்திருந்தாள். ஆனால் அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"இன்னொரு தடவை அளங்க," என்றாள் யரியேலா.

சுவரோடு ஒட்டி நின்றாள். பாவாடைக்குள் முழங்கால்கள் மெல்ல நிமிர்ந்தன. அவள் தலை பலகையை மேலே தள்ளிக்கொண்டு போனது.

"கடவுளே," என்றாள் நர்ஸ்.

அம்மா பலகையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இவ்வளவையும்?"

டாக்டர் மன்னிப்புப்போல ஏதோ முனகிக்கொண்டே மருந்துச் சீட்டை எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யரியேலாவின் முழங்கால்கள் முன் இருக்கையில் இடித்தன. மடக்கிப் பார்த்தாள். இடமில்லை.